கடல் கடக்க வேண்டியது ரத்தம், நோயாளி அல்ல

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்கள் 1970-களில் ரப்பர்த் தோட்டப் பணிக்கெனக் குடியமர்த்தப்பட்ட தீவு, நிக்கோபாரின் கச்சால். அங்கே நாற்பத்தைந்து வயதுடைய ஒருவருக்கு வலக்கை தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சட்டைப் பொத்தானைப் போட இயலவில்லை. நான்கு மாதங்களில் கட்டைவிரல் அடியிலுள்ள சதை வற்றுகிறது. பிறகு பேச்சு குழறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை தருகிறார்கள். அவர் கப்பலேறி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள். விமானத்தில் சென்றால் கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாத செலவு.

சென்னையில் தசையின் மின்னோட்டத்தைப் பதிந்து பார்க்கும் மருத்துவரும், 'ஆறு மாதம் கழித்து மீண்டும் வாருங்கள்' என்றே பெரும்பாலும் கூற நேரிடும். அது மருத்துவரின் குறையன்று. நோயின் இயல்பு அத்தகையது.

அந்நோய் மோட்டார் நியூரான் நோய். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது இந்நோயே. ஆனால் 1963-இல் நோய் கண்டறியப்பட்ட பின் 55 ஆண்டுகள் வாழ்ந்த அவர் மிக அரிய விதிவிலக்கு. இந்நோயின் பரவலான வடிவமான ஏ.எல்.எஸ்.ஸால் தாக்கப்படுவோரில் பெரும்பாலோர் அறிகுறி தோன்றிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கின்றனர்.

இத்தனை குறுகிய ஆயுளில் ஏறத்தாழ ஓராண்டு, நோய் இன்னதென்று அறிவதிலேயே கழிந்துவிடுகிறது. மருத்துவ வசதி மிக்க மேலை நாடுகளிலும் இதுவே நிலை. இந்நோயை ஒரே சோதனையில் உறுதி செய்ய வழியில்லை. பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கி, தளர்ச்சி பரவுகிறதா என்று காத்திருந்து பார்த்த பிறகே மருத்துவர் தீர்ப்புக் கூற முடிகிறது. இதற்கிடையில் கழுத்தெலும்புத் தேய்வு என்று கருதித் தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கு ஆளாவோரும் உண்டு.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் வாய்ப்பு இப்போது ஒரு துளி ரத்தத்தில் தென்படுகிறது. நரம்பிழைகளுக்கு உட்சட்டம் போல் அமைந்த நியூரோஃபிலமென்ட் என்னும் புரதம், நரம்பு சிதையும்போது உடைந்து முதுகுத்தண்டு நீரிலும் அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு மிக மிகச் சொற்பம். முன்னர் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தே அதை அளக்க முடிந்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நுண்ணளவுக் கருவிகள் கையில் எடுத்த ரத்தத்திலேயே அதை அளந்துவிடுகின்றன. ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் இந்த அளவு பல மடங்கு உயர்ந்திருப்பதும், நோய் விரைந்து முற்றுவோரிடம் மேலும் மிகுந்திருப்பதும் பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளன.

இது ஆய்வகத்தோடு நின்றுவிட்ட செய்தியன்று. 2023 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டோஃபெர்சென் என்ற மருந்துக்கு விரைவு அனுமதி வழங்கியபோது, ரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவு குறைந்ததையே சான்றாக ஏற்றது. அம்மருந்து எஸ்.ஓ.டி.-1 மரபணுக் கோளாறு உடைய மிகச் சிலருக்கே பயன்படும் என்பது வேறு. 2025-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரத்தத்திலுள்ள 33 புரதங்களின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஏ.எல்.எஸ்.ஸை மிகத் துல்லியமாகப் பிரித்தறிய முடிந்ததாக அறிவித்தனர்.

எனினும் மிகை நம்பிக்கை கூடாது. நியூரோஃபிலமென்ட் உயர்வு, 'நரம்பு சிதைகிறது' என்று சொல்லுமே தவிர, எந்த நோயால் என்று சொல்லாது. பக்கவாதம், தண்டுவட மரப்பு நோய், தலைக்காயம் ஆகியவற்றிலும் அது உயரும். வயது ஏற ஏறவும், சிறுநீரகம் பழுதுற்றாலும் உயரும். எனவே இதைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அவசர ஓலையாகக் கொள்ளலாம். யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், யார் உள்ளூரிலேயே காத்திருக்கலாம் என்று முடிவெடுக்க உதவும் கருவி இது. பெருநகரவாசிக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கச்சால் தீவுக்காரருக்கு அதுவே எல்லாம்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இளவயதில் தொடங்கி, முகத் தசையையும் விழுங்கும் திறனையும் பாதித்து, செவித்திறனையும் பறித்து, ஆனால் மெதுவாகவே முற்றும் ஒரு வகையை 1970-இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்தனர். உலக மருத்துவ நூல்களில் அது இன்றும் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே வழங்குகிறது. ஒரு கை மட்டும் சூம்பி நின்றுவிடும் வகையைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1984-இல் விவரித்தனர். மெதுவாகச் செல்லும் நோயில் நியூரோஃபிலமென்ட் பெரிதாக உயர்வதில்லை என்பதே பொதுவான அனுபவம். ஐரோப்பியர்களை அளந்து வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே நம் மக்கள்மீது வைத்தால், இத்தகைய நோயாளியை 'நலமாக இருக்கிறார்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. நமக்கான அளவுகோலை நாமே வகுத்தாக வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த பழங்குடியினர், நிக்கோபாரிகள் என ஒரு குட்டி இந்தியாவே அங்கே வாழ்கிறது. அளவுகோல் வகுக்க இதைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிட்டாது.

தீவில் எடுத்த ரத்தம் புதிர் ஒன்றை விடுவித்த வரலாறும் அங்கேயே இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து வடக்கு அந்தமானின் திக்லிபூர்ப் பகுதியில் மக்கள் காய்ச்சலுற்று, ரத்தம் கக்கி மாண்டனர். காரணம் புரியாததால் அதற்கு 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயரிடப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1983-இல் போர்ட் பிளேரில் நிறுவிய வட்டார ஆராய்ச்சி மையம், 1990-களில் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அது எலிக்காய்ச்சல் என்று கண்டறிந்தது. பெயரில்லாத நோய் பெயர் பெற்றதும், பென்சிலின் போன்ற எளிய மருந்தால் குணப்படுத்தக் கூடியதாயிற்று. அந்த மையம் பின்னர் எலிக்காய்ச்சல் ஆய்வில் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் ஏற்கப்பட்டது.

மோட்டார் நியூரான் நோய்க்கு அத்தகைய மருந்து இல்லையே, முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். ரிலுசோல் மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கும். முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் கருவியும், உரிய காலத்தில் பொருத்தப்படும் உணவுக் குழாயும் வாழ்வை எளிதாக்கும். குரல் இருக்கும்போதே குடும்பத்தோடு பேசி முடிக்க வேண்டியவையும் உண்டு. அனைத்தினும் முக்கியம், இந்நோய் போலவே தோன்றும் ஆனால் சிகிச்சைக்கு இணங்கும் நோயுள்ளவர், வீணாக மரண தண்டனை பெறாமல் தப்புவார்.

நோயாளிகள் மிகச் சிலர்தாமே என்பது அடுத்த வாதம். ஐரோப்பாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு இந்நோய் காண்கிறது. ஆசியாவில் இதைவிடக் குறைவு. அக்கணக்கில் தீவுகளில் ஆண்டுக்கு ஒரு சிலரே இருப்பர். அதனால்தான் செலவும் குறைவு. விலையுயர்ந்த கருவியைப் போர்ட் பிளேரில் நிறுவ வேண்டியதில்லை. தீவு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, சுழற்றி, ஊனீரைப் பிரித்து உறைய வைத்தால் போதும். இந்தப் புரதம் எளிதில் சிதைவதில்லை என்பதும், சில மணி நேரத் தாமதத்தையும் உறைந்து உருகுவதையும் தாங்கும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. விமானத்தில் அந்தச் சிறு குப்பி பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்று சேரும்.

மற்ற வசதிகளும் இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி பயன்பாட்டுக்கு வந்தது. நாக்கின் துடிப்பையும் கைத்தசையின் நடுக்கத்தையும் சென்னையிலிருக்கும் நரம்பியல் மருத்துவர் திரையிலேயே காண முடியும். போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனையுடன் இணைந்து மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. கம்பி இருக்கிறது, மையம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது. இவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் ஆணைதான் தேவை.

அந்த ஆணை பிறக்க வேண்டிய இடம் தில்லி. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரே உறுப்பினர். நிர்வாகம் உள்துறை அமைச்சகத்தின்கீழ் நடக்கிறது. மாநில அரசின்மேல் பழி போட்டு மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ள இங்கே வழியில்லை. ஏறத்தாழ 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி அளித்தது அதே மத்திய அரசுதான். வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து போகத் துறைமுகம் திட்டமிடும் அரசுக்கு, ஒரு ரத்தக் குப்பி வந்து போகும் வழியை வகுப்பது பெருஞ்செயலாகாது.

சட்டத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நாட்பட்ட நரம்பியல் நோய்களுக்கு எடுத்துக்காட்டாகத் தண்டுவட மரப்பு நோயையும் பார்க்கின்சன் நோயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மோட்டார் நியூரான் நோயின் பெயர் அங்கே இல்லை. அப்பெயரையும் சேர்ப்பது, சான்றிதழுக்காக அலையும் குடும்பங்களின் சுமையைக் குறைக்கும்.

ரத்தச் சோதனை இன்னும் முழுமை பெறவில்லை. அது முழுமை பெறும் நாளில், எந்த மக்களின் ரத்தத்தைக் கொண்டு அளவுகோல் வகுக்கப்பட்டதோ அந்த மக்களுக்கே அது முதலில் பயன்படும். தீவு மக்கள் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டுமானால், குப்பிகளைச் சேகரிக்கும் பணி இப்போதே தொடங்க வேண்டும். தளர்ந்த கையோடு ஒரு மனிதன் கடலைக் கடந்து வந்து, ஆறு மாதம் கழித்து வருமாறு கேட்டுத் திரும்பிப் போகும் நிலைக்கு முடிவு கட்டும் பொறுப்பு மத்திய அரசுடையது.