கலைப்பிரிவு மாணவி எங்கே படிப்பது?

கற்பிட்டி வீதி பிரிகின்ற பாலாவிச் சந்தியில் அண்மையில் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய மகள் உயர்தரக் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். பேராதனையை முதல் தெரிவாக எழுத வேண்டும் என்பது அவள் விருப்பம். வீட்டிலிருந்தபடியே புத்தளத்தில் வகுப்புக்குச் சென்று வெளிவாரிப் பட்டம் பெறட்டும் என்பது தகப்பனாரின் எண்ணம். "நீங்கள் சொல்லுங்கள் சேர்" என்றார்.

வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெற்று, நல்லாசிரியர்களாகத் திகழ்வோர் பலரை நான் அறிவேன். அவர்களது உழைப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வரலாறும் இலக்கியமும் குறிப்புகளை மனனம் செய்வதால் மட்டும் கைவருவன அல்ல. எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரும் ஆசிரியரும், இரவு உணவு வேளையில் மறுத்துப் பேசும் தோழியும், கைக்கெட்டும் தூரத்தில் நூலகமும் வேண்டும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். யாழ் நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள வட்டுக்கோட்டையில், 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் ஒரு சிறிய செமினரியைத் தொடங்கினர். மாணவர்கள் அங்கேயே தங்கிக் கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றை ஒருங்கே கற்றனர். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. பழந்தமிழ் நூல்களைத் தாமோதரம்பிள்ளை பதிப்பித்த பெருமைக்கு வித்திட்டது அந்தச் சின்னஞ்சிறு கல்விக்கூடம். 1855 இல் அது மூடப்பட்டது; 1872 இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் அமைப்பதா, கண்டிப் பக்கம் அமைப்பதா என்று நம் நாட்டில் நெடுங்காலம் வாதிட்டனர். 1942 இல் கொழும்பில் பிறந்த பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. நகரின் இரைச்சல் எட்டாத, ஆனால் நகரின் பயன் எட்டுகின்ற இடம் அது. தங்கிப் படிப்பதே கல்வியின் பாதி என்பது அந்த முடிவின் உட்பொருள்.

இன்று பேராதனையும் சிறியதன்று; விரிவுரை மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன. ஆகவே பெயரை மட்டும் நம்பித் தெரிவு செய்வதும் தவறு. பேராதனையோ, யாழ்ப்பாணமோ, ஒலுவிலோ, வந்தாறுமூலையோ, எதுவாயினும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சிறு குழுக்களாகக் கலந்துரையாடும் வகுப்புகள் உண்டா? பெண்பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டுகளுக்கு விடுதி கிடைக்கும்? தமிழில் படிக்கும்போதே ஆங்கிலத்தையும் உருப்படியாகக் கற்பிக்கிறார்களா?

தகப்பனாரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். புத்தளம் மாவட்டத்தில் அரச பல்கலைக்கழகக் கலைப்பீடம் ஒன்றேனும் இல்லாதது அவருடைய குற்றமன்று. ஆனால் அந்தக் குறைக்கான விலையை மகள் ஏன் செலுத்த வேண்டும்?

"குருநாகல் வழியாகப் போனால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். பிறகு முடிவெடுங்கள்" என்றேன். அவர் மறுக்கவில்லை.