எட்டாத எச்சரிக்கை!

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கிற்று. கரைக்கு எச்சரிக்கை வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவரோ பல நாள் முன்பே ஆழ்கடல் சென்றுவிட்டனர். படகிலிருந்த வயர்லெஸ் அத்தனை தொலைவு எட்டாது. காதில் விழாத எச்சரிக்கை யாரைக் காக்கும்?

கப்பல் தேடிற்று, விமானம் பறந்தது, மறுக்கவில்லை நாம். ஆனால் ஆழ்கடல்வரை தேடுங்கள், கடலறிந்த எங்களையும் ஏற்றிச் செல்லுங்கள் என்று மீனவ மக்கள் மன்றாடினர். சொந்தப் படகிலேயே தேடப் புறப்பட்டோரும் உண்டு. டிசம்பர் 7-ல் குழித்துறையில் ரயிலை மறித்தனர். தேடச் சொல்வதற்கும் ஒரு போராட்டமா, தோழர்களே?

கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற அவசர எண் உண்டு. நடுக்கடலில் செல்பேசி பேசுமா? செயற்கைக்கோள் கருவி ஒவ்வொரு படகிலும் வேண்டும்; மீனவர் ஒருவர் ஒவ்வொரு தேடும் கப்பலிலும் வேண்டும். சலுகை கேட்கவில்லை, உயிரின் உரிமை கேட்கிறோம்!