திரையில் மனைவி, ஏட்டில் யார்?

மணமக்கள் ஒரே கூரையின்கீழ் நின்றால்தான் திருமணம் செல்லும் என்பாரும், திரையில் முகம் தெரிந்தாலே போதும் என்பாரும் இன்று நம்மிடையே எதிரெதிரே நிற்கின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. காணொளி வழியாக நிகழ்ந்த திருமணத்தை ஒரு நாட்டின் சட்டம் ஏற்று, மறுநாட்டின் சட்டம் தள்ளிவிட்டால், நடுவில் நிற்கும் பெண்ணின் நிலை என்ன? வேறெந்த ஊரையும்விட நம் புதுச்சேரியே விடை தேட வேண்டிய கேள்வி இது.

2022 ஜூலை 28-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைப் பலரும் அறிவர். குமரி மாவட்டப் பெண் ஒருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் ஒருவரும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் புரிய விண்ணப்பித்தனர். முப்பது நாள் அறிவிப்புக் காலம் கடந்தும் திருமணம் நடத்தி வைக்கப்படவில்லை. விடுப்பு முடிந்து மணமகன் திரும்ப வேண்டியதாயிற்று. மணமக்கள் தாம் விரும்பும் எம்முறையிலும் மணம் புரியலாம் என்னும் அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டிய நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், மூன்று சாட்சிகள் முன்னிலையில் காணொளி வழியே மணம் முடிக்கவும், மணமகன் அளித்த அதிகார ஆவணத்தைக் கொண்டு மணமகளே இருவருக்குமாகக் கையொப்பமிடவும் வழிவகுத்தார்.

இத்தீர்ப்பை நாம் குறைகூறவில்லை. சட்டம் மனிதருக்காக அன்றி, மனிதர் சட்டத்திற்காக அல்லர். உடல் அருகில் இருப்பதே சம்மதத்திற்குச் சான்று என்போர், நேருக்கு நேர் நின்று கண்ணீரோடு தலைகுனிந்த எத்தனை பெண்களின் 'சம்மதத்தை' நம் ஊர்கள் கண்டுள்ளன என்பதை எண்ணிப் பார்க்கட்டும். திருச்சபையும் தொலைவை அறியாததன்று. திருச்சபைச் சட்டத்தின் 1104-ஆம் விதி, மணமக்கள் நேரிலோ பதிலாள் வழியாகவோ ஒருங்கே முன்னிலையாக வேண்டும் என்கிறது. திரைக்கு அங்கு இடமில்லை, பதிலாளுக்கு உண்டு. ஆயினும் அனுப்பியவர் தம் ஒப்புதலை மணம் நிகழுமுன் திரும்பப் பெற்றுவிட்டால், அதைப் பதிலாள் அறியாதிருந்தாலும் அத்திருமணம் செல்லாது என்கிறது அடுத்த விதி. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் பங்குக் குருவையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது மறைவான மணங்களை ஒழிப்பதற்கே. சுதந்திரமான மனமும் ஊரறிந்த சாட்சியமுமே இவ்விதிகள் காக்க முயலும் இரு பொருள்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையின் சங்கொலிக்கு விழித்தெழுந்த முதலியார்பேட்டை, 2020-இல் அவ்வாலை மூடப்பட்டதையும் கண்டுவிட்டது. பிள்ளைகளின் பிழைப்புக் கடல் கடந்திருப்பது இங்குப் புதிதன்று. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, இங்குப் பிறந்து வாழ்ந்தோர் விரும்பினால் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொள்ளலாம் என்று வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு தெரிவு செய்தோரின் பேரப்பிள்ளைகளும், பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த சொல்தாக்களின் வழித்தோன்றல்களும் இன்று மணவயதில் இருக்கின்றனர். புதுச்சேரி, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. எனவே மதுரையின் தீர்ப்பை எடுத்துக்காட்டி, 'மாப்பிள்ளை பாரீசில் இருக்கட்டும், பெண் இங்கிருக்கட்டும், திரையில் முடித்துவிடலாம்' என்று சொல்ல இங்கு எவருக்கும் தோன்றக்கூடும்.

அவ்வாறு சொல்வோர் பிரெஞ்சுச் சட்டத்தைப் படித்தார்களா? 1993 ஆகஸ்டு 24-ஆம் நாளிட்ட சட்டம், பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுப்பில் 146-1 என்னும் விதியைச் சேர்த்தது. பிரெஞ்சுக் குடிமகன் ஒருவரின் திருமணம் வெளிநாட்டில் நடந்தாலும் அவர் நேரில் இருந்தே ஆக வேண்டும் என்பது அவ்விதி. அதை மீறிய திருமணத்தை முப்பது ஆண்டுகள் வரை எதிர்த்து வழக்காடலாம் என்கிறது 184-ஆம் விதி. வழக்காடும் உரிமை அரசு வழக்குரைஞருக்கு மட்டுமன்று, மணமக்களுக்கும் உண்டு. அதாவது, திரையில் 'ஆம்' என்று சொன்ன அதே கணவன், மனைவி வேண்டாதவளானபின், 'நான் அங்கே நேரில் இல்லையே' என்று சொல்லித் தப்பலாம்! இங்கே சான்றிதழ் வைத்திருக்கும் மனைவி, அங்கே ஜீவனாம்சம் கேட்கவும் குடும்ப விசா பெறவும் முடியாத அந்நியப் பெண்ணாகிவிடுவாள்.

பிரான்சும் தொலைவின் துயரை அறியாததன்று. முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரலில், போர்முனை வீரர்கள் பதிலாள் வழியே மணம் புரிய அந்நாடு சட்டம் இயற்றியது. உண்மையான இடுக்கண் கண்டால் சட்டம் இளகும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அது சட்டமன்றத்தின் வழியே, வரையறையோடு இளகியது. நாமோ ஒவ்வொரு மணமக்களையும் நீதிமன்றத்திற்கு அனுப்புகிறோம். செலவழிக்க இயன்றவருக்கு ரிட் மனு, இயலாதவருக்கு ஏக்கம். இதுவா சமநீதி?

எனவே நாம் கேட்பது தடையன்று, முழுமை. நாடாளுமன்றம் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தித் திரைவழித் திருமணத்திற்குத் தெளிவான விதி செய்யட்டும். அயல்நாட்டிலிருப்பவர் தம் அறையிலிருந்து அன்றி, இந்தியத் தூதரகத்தில், 1969-ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி அமர்த்தப்பட்ட அலுவலர் முன் நின்று உறுதிமொழி கூறட்டும். திரைக்கு அப்பால் மிரட்டுவார் எவருமில்லை என்று இருபுறத்து அலுவலரும் உறுதி செய்யட்டும். மணத்துணையின் நாட்டுச் சட்டம் இம்முறையை ஏற்குமா என்பதை, முப்பது நாள் அறிவிப்புக் காலத்திலேயே பெண்ணுக்கு அவள் மொழியில் எழுத்தில் தெரிவிப்பதைக் கடமையாக்கட்டும். அயல்நாட்டு இந்தியரின் திருமணங்களுக்கு ஒருங்கிணைந்த சட்டமும் கட்டாயப் பதிவும் வேண்டுமென இந்தியச் சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 287-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்துள்ளது. அச்சட்டம் வரையப்படும்போது இவ்விதியும் அதில் இடம்பெற வேண்டும்.

அதுவரை பெற்றோருக்கு நாம் சொல்வது இதுவே. பிரெஞ்சுக் குடியுரிமை உடையவரென்றால், அவர் விமானம் ஏறி வரட்டும். பயணச் செலவு பெரிதென்பார் உளர். முப்பது ஆண்டு நிச்சயமின்மையை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவதைவிட அது பெரிதா? நேரில் வந்து நிற்க மனமில்லாதவர், நாளை துணைநிற்பார் என்பதற்கு என்ன உறுதி? நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது; நல்லது. அப்பக்கக் கதவும் திறந்திருக்கிறதா என்று பாராமல் நம் பெண்களை வாசலில் நிறுத்துதல் அறமாகாது.