சந்தா பாக்கி

சங்கங்கள் உறுப்பினர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. எடுக்கத்தான் வேண்டும். யார்மீது எடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

2018 அக்டோபரில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்துமீது பாலியல் அத்துமீறல் புகாரை வெளிப்படையாகச் சொன்னார். வைரமுத்து மறுத்தார். டப்பிங் கலைஞர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ராதாரவியையும் சின்மயி விமர்சித்திருந்தார். அடுத்த மாதமே அந்தச் சங்கம் அவரை நீக்கியது. சொன்ன காரணம், இரண்டாண்டுச் சந்தா பாக்கி. அந்தக் காலம் முழுக்கத் தன் டப்பிங் வருமானத்தில் 10 சதவீதத்தைச் சங்கம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது என்றார் அவர்.

‘எங்கள் உள்விவகாரத்தில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை?’ என்பது சங்கங்களின் பழைய பாட்டு. 1962இலேயே டி.பி. தாவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: விதிப்படியும் நேர்மையாகவும் விசாரித்துத்தான் நீக்கினார்களா என்று நீதிமன்றம் பார்க்கும். அது பிழைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு மன்றத்தின் வழக்கு. சங்க அட்டை போனால் வேலையே போகும் இடத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சின்மயி வழக்கு தொடுத்தார். 2019 மார்ச்சில் சென்னை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு இட்டது.

ஆனால் உத்தரவு ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்துவிடாது. 2023இல் ‘லியோ’வில் த்ரிஷாவுக்கு அவர் குரல் கொடுத்தது செய்தியாயிற்று. ஒரு கலைஞர் தன் வேலையைச் செய்வதே செய்தி என்றால், தண்டனை எவ்வளவு நீண்டது என்று பாருங்கள். நீக்கம் செல்லுமா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். பெண்ணின் புகாரை ஏன் விசாரிக்கவில்லை என்று சங்கத்தை யார் கேட்பது?

உறுப்பினர்களே கேட்க முடியும் என்று காட்டியது திண்டுக்கல். 2021 ஜனவரியில் இம்மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார்; கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கண்டது. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள், 25 பேருக்கு ஒருவர். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. நிறுவனம் மீறினால் ஆர்டரில் கைவைக்கும் பொறுப்பு, துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்றவர்களுக்கு.

தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் பெற்றதை, மேடையும் மைக்கும் உள்ளவர்களின் சங்கங்கள் தர மறுக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையில் உட்காரக் கூடாது. வெளியாள் இல்லாத குழு, குழுவே அல்ல. புகார் நிலுவையில் இருக்கும்வரை புகார் சொன்னவரை நீக்கக் கூடாது, சந்தாவைக் காட்டியும்கூட. இவற்றை விதிப்புத்தகத்தில் எழுதட்டும். அதுவரை பாக்கி வைத்திருப்பது சங்கம்தான்.