மாறாததைப் பொதுவில் வை, மாறுவதை வைக்காதே

ஒரு பெடியன் ஒழுங்காக விளையாடி எழுபது புள்ளி எடுத்தான். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அந்த எழுபதை ஒருத்தரும் நம்பவில்லை. அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆக்சன்ஸ்கிரிப்டில் நான் எழுதின ஒரே ஒரு வரி செய்த வேலை அது.

நடந்தது 2012இல். நானும் ஒரு நண்பனும் பிளாஷில் ஒரு வினாவிடை விளையாட்டுச் செய்திருந்தோம், புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கப்போகிற பிள்ளைகளுக்காக. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் இரண்டு நாள் கண்காட்சி. ஒரு இரவல் லாப்டொப், அதுக்கு முன்னால் வரிசையில் பிள்ளைகள். முதல் வந்தவன் எழுபது எடுத்தான், எல்லாரும் கை தட்டினோம், அவன் அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டான். 'மீண்டும் விளையாடு' பொத்தானை அமத்தி அடுத்த பிள்ளையை இருத்தினோம். அவள் விளையாடி முடிய, திரையில் வந்த புள்ளி நூற்றுமுப்பது.

"அண்ணா, நூறுக்குத்தானே போடுறது? எனக்கு என்னெண்டு நூற்றுமுப்பது?"

சிரிப்பு. பின்னால் நின்ற ஒருத்தர், "அப்ப முதல் பெடியன்ர எழுபதும் பொய்தான்" என்றார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவனுக்கு முன்னாலேயே சொன்னார். அவனுடைய எழுபது உண்மையானது. அவள் எடுத்தது அறுபது. பழைய எழுபதோடு அது கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதை அந்த இடத்தில் விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. ஏன் கூடியது என்று எனக்கே அப்போது தெரியாது.

தெரிந்த பிறகு எனக்கு வந்த ஒரு பிடிவாதமான கருத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஆக்சன்ஸ்கிரிப்டில் ஸ்டாட்டிக் என்ற சொல் மாறாதவற்றுக்காகப் பாவிக்க வேண்டியது. மாறுகிற எதையும் அதற்குள் வைத்தால், அது ஒருநாள் எங்களைச் சனத்துக்கு முன்னால் நிற்பாட்டும்.

முதலில் அந்த வரி. புள்ளியை எல்லாத் திரைகளிலும் காட்டவேண்டும். கேள்வித் திரைக்கும் வேண்டும், முடிவுத் திரைக்கும் வேண்டும். அதனால் 'கேம்டேட்டா' என்று ஒரு வகுப்பு எழுதி, அதற்குள் 'பப்ளிக் ஸ்டாட்டிக் வார் ஸ்கோர்' என்று போட்டு, தொடக்கப் பெறுமானமாகப் பூச்சியம் கொடுத்தேன். எங்கே இருந்தும் 'கேம்டேட்டா.ஸ்கோர்' என்று எழுதினால் சரி. எவ்வளவு சுகம்! 'மீண்டும் விளையாடு' அமத்தினால் விளையாட்டுப் பொருளைப் புதிதாக 'நியூ' போட்டு உருவாக்கிறேன்தானே, எல்லாம் பூச்சியத்துக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

வராது. ஸ்டாட்டிக் போட்ட மாறி பொருளுக்குச் சொந்தமில்லை, வகுப்புக்குச் சொந்தம். வகுப்பு ஒருமுறைதான் ஏற்றப்படும். அந்தப் பூச்சியமும் அப்போது ஒருமுறைதான் போடப்படும். பிறகு நீங்கள் ஆயிரம் பொருள் புதிதாக உருவாக்கினாலும், டைம்லைனில் முதலாவது ஃபிரேமுக்குத் திரும்பிப் போனாலும், அந்த மாறி அசையாது. எஸ்டபிள்யூஎஃப் கோப்பை மூடித் திறந்தால்தான் மறுபடி பூச்சியம். நாங்கள் வீட்டில் சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் மூடித் திறந்துதான் சோதித்தோம். பிழை எப்படித் தெரியும்?

ஊரில் வளவுக்கு ஒரு கிணறு இருக்கும், சந்தியில் ஒரு பொதுக்கிணறும் இருக்கும். சாதாரண மாறி வளவுக் கிணறு. புது வீடு கட்டினால் புதுக் கிணறு, புதுத் தண்ணீர். ஸ்டாட்டிக் வார் சந்திக் கிணறு. யாரும் வாளி விடலாம், யாரும் கலக்கலாம். கலங்கினால் கலக்கினவர் யார் என்று பிடிக்க ஏலாது. ஸ்டாட்டிக் கொன்ஸ்ட் அப்படியில்லை. அது சந்தியில் நிற்கிற பெயர்ப்பலகை. எல்லாரும் வாசிக்கலாம், ஒருத்தரும் மாற்ற ஏலாது. இரண்டும் பொதுவில்தான் இருக்கின்றன. பெயர்ப்பலகையால் ஒருவருக்கும் வயிற்றோட்டம் வராது.

சரி, மாறாதவற்றை இப்படிப் பொதுவில் வைப்பதால் என்ன லாபம்? அதையும் பட்ட பாட்டில் இருந்தே சொல்கிறேன்.

அதே விளையாட்டில் நேரம் ஓடுகிற கடிகாரம் ஒன்று. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது அசையவேண்டும். நண்பன் 'அட்ஈவென்ட்லிசினர்' எழுதி, நிகழ்வின் பெயரை மேற்கோள்குறிக்குள் 'என்டர்ஃபிரேம்' என்று கையால் அடித்திருந்தான். கடிகாரம் அசையவில்லை. எரரும் இல்லை. ஒரு முழு இரவு போனது. உண்மையான பெயரில் ஃபிரேம் என்பதன் முதல் எழுத்துப் பெரிய எழுத்து. அவன் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்திருந்தான். கொம்பைலருக்கு அது வெறும் சரம். நீங்கள் என்ன பெயருக்குக் காது கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். அந்தப் பெயரில் ஒருவரும் கூப்பிடப்போவதில்லை என்று அதுக்குத் தெரியாது.

இதே இடத்தில் 'ஈவென்ட்.என்டர்_ஃபிரேம்' என்ற மாறிலியை எழுதியிருந்தால், ஒரு எழுத்துப் பிழைத்தாலும் கொம்பைலர் உடனே நிற்பாட்டியிருக்கும், அப்படி ஒன்று இந்த வகுப்பில் இல்லை என்று. ஓர் இரவுக்குப் பதிலாக ஒரு செக்கன். மாறிலியின் பெரிய லாபம் இதுதான் என்பேன். ஓடும்போது மௌனமாக நடக்கிற பிழையை, ஓடுவதற்கு முன்னாலேயே சத்தமாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆக்சன்ஸ்கிரிப்ட் 3 பிளாஷ் பிளேயர் 9 உடன் 2006இல் வந்தது. கொன்ஸ்ட் என்ற சொல் அதில்தான் மொழிக்குள் வந்தது. இரண்டாம் பதிப்பில் ஸ்டாட்டிக் இருந்தது, கொன்ஸ்ட் இல்லை. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, "இதைத் தொடாதே" என்று சக நிரலாளரிடம் கெஞ்சத்தான் முடியும். மூன்றாம் பதிப்பில் அந்தக் கெஞ்சல் சட்டமானது. மாறிலிக்கு வேறு பெறுமானம் கொடுக்கப் பார்த்தால் கொம்பைலரே விடாது.

அடுத்தது இலக்கங்கள். எங்கட நிரலில் ஃபிரேம் வேகம் 24. ஒரு பெட்டியின் இடைவெளியும் 24. எழுத்தின் அளவும் 24. விளையாட்டு மெதுவாக ஓடுது என்று வேகத்தை 30 ஆக்க நினைத்து, எல்லா 24ஐயும் தேடி 30 ஆக்கினேன். எழுத்துகள் பெட்டிக்கு வெளியே வந்து நின்றன. மூன்று 24க்கும் மூன்று பெயர் இருந்திருந்தால் ஒரு வரி மாற்றியிருப்பேன். பிறகு புத்தி வந்து மாறிலி வைக்கத் தொடங்கினபோது முதலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ட்வென்டிஃபோர்'. அதன் பெறுமானம் 24. சிரிக்காதீர்கள், நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். பெயர் பெறுமானத்தைச் சொன்னால் அது மாறிலியே இல்லை. அந்த இலக்கம் எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும்: ஃபிரேம் வேகம், வரி இடைவெளி, தலைப்பு எழுத்தளவு.

இந்த மாறிலிகளை எங்கே வைப்பது என்பதிலும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பலர் 'கொன்ஸ்டன்ட்ஸ்' என்று ஒரு வகுப்பைத் திறந்து உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அதற்குள் கொட்டுவார்கள். வேகமும் அங்கே, நிறமும் அங்கே, பிழைச் செய்தியும் அங்கே. கொஞ்ச நாளில் அது வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிடும். எது பாவனையில் இருக்கு, எது செத்துப்போச்சு என்று ஒருவருக்கும் தெரியாது. பிளாஷோடு வந்த வகுப்புகளையே பாருங்கள். சொடுக்கின் பெயர் 'மவுஸ்ஈவென்ட்' வகுப்பில் இருக்கிறது, விசைகளின் இலக்கங்கள் 'கீபோர்ட்' வகுப்பில் இருக்கின்றன, பை 'மத்' வகுப்பில் இருக்கிறது. எதோடு சம்பந்தமோ அதோடு. இடைவெளி விசையின் இலக்கம் 32 என்று நான் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, 'கீபோர்ட்.ஸ்பேஸ்' என்று எழுதினால் வாசிக்கிறவருக்கும் விளங்கும்.

'மத்' வகுப்பு இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. அது முழுக்க முழுக்க ஸ்டாட்டிக். அதில் பொருள் உருவாக்கவே ஏலாது, 'நியூ' போட்டால் எரர் வரும். ஆனாலும் அதால் ஒருவருக்கும் தொல்லை வந்ததில்லை. ஏன்? அதற்குள் ஞாபகம் இல்லை. ஒரு இலக்கத்தைக் கொடுத்தால் ஒரு இலக்கத்தைத் தரும், பிறகு மறந்துவிடும். நேற்று நான் என்ன கொடுத்தேன் என்பது இன்றைய விடையைப் பாதிக்காது. ஸ்டாட்டிக் வகுப்பு எழுத ஆசையா? இப்படி எழுதுங்கள். செக்கன்களை நிமிடமாக்கிற சார்பு, சரத்தை ஒழுங்காக்கிற சார்பு, எல்லாம் தாராளமாக வைக்கலாம்.

இனி கண்காட்சியின் இரண்டாம் நாள். அன்று நடந்தது மாறிலியிலும் ஒரு பொறி இருக்கிறது என்று காட்டியது. முதல் நாள் இரவு புள்ளியைத் திருத்திவிட்டோம். அதே சூட்டில், "மச்சான், கேள்விகள் மாறாதுதானே, அதையும் ஸ்டாட்டிக் கொன்ஸ்ட் ஆக்குவம்" என்று கேள்வி அணியை, அதாவது அரேயை, அப்படி ஆக்கினோம். காலையில் முதல் பிள்ளை விளையாடியது. இரண்டாவது பிள்ளைக்கு வெறும் திரை. கேள்வியே இல்லை.

காரணம் இதுதான். கேட்ட கேள்வி மறுபடி வராமல் இருக்க, ஒவ்வொரு கேள்வியையும் 'பொப்' செய்து அணியில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கொன்ஸ்ட் பூட்டுவது பெயரை மட்டும்தான். அந்தப் பெயரை வேறு அணிக்கு மாற்ற விடாது. அணிக்குள் இருப்பதை எடுத்தாலும் போட்டாலும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மதிலைக் கட்டாமல் விட்ட கதை. சின்ன இலக்கம், சரம், உண்மை பொய் மாதிரியானவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அணிக்கும் பொருளுக்கும் இருக்கிறது. திருத்தம் ஒரு சொல்: விளையாட்டுத் தொடங்கும்போது 'ஸ்லைஸ்' போட்டு ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் இருந்து கேள்வி எடுப்பது. மூல அணி அப்படியே இருக்கும்.

புள்ளியை எப்படித் திருத்தினோம் என்று சொல்லவில்லையே. முதலில் 'ரீசெட்' என்று ஒரு சார்பு எழுதி, எல்லா ஸ்டாட்டிக் மாறிகளையும் பூச்சியமாக்கப் பார்த்தோம். ஏழு மாறி இருந்தது, ஆறை எழுதி ஒன்றை மறந்தோம். அப்போதுதான் விளங்கியது, இந்த வழியில் போனால் ஒவ்வொரு புது மாறிக்கும் மனித ஞாபகத்தை நம்பவேண்டும். பிறகு 'கேம்செஷன்' என்று சாதாரண வகுப்பு ஒன்று எழுதினோம். ஸ்டாட்டிக் எதுவும் இல்லை. பிள்ளை வந்து இருந்தால் ஒரு புது செஷன். அதைக் கேள்வித் திரைக்கும் முடிவுத் திரைக்கும் கையில் கொடுத்தோம். பிள்ளை எழும்பினால் அந்த செஷனும் போய்விடும். மறக்க ஒன்றும் இல்லை.

"எல்லா இடத்துக்கும் கையில் கொடுத்துக்கொண்டு திரிய ஏலுமே? ஸ்டாட்டிக் எண்டா ஒரு வரி" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. பத்துத் திரை இருந்தால் பத்து இடத்தில் கொடுக்கவேண்டும், அலுப்புத்தான். ஒரு திரை, ஒருவர், ஒருமுறை ஓடி முடிகிற சின்ன வேலைக்கு நானும் அந்தக் கரைச்சலை எடுக்கமாட்டேன். ஆனால் அந்த அலுப்பு ஒரு தகவல். இந்தத் திரைக்குப் புள்ளி தேவை என்று அது வாசலிலேயே சொல்லிவிடும். ஸ்டாட்டிக் வார் அதை ஒளிக்கும். பிறகு பிழை வரும்போது நாற்பது கோப்பையும் கிளறவேண்டும். இதோடு இன்னொன்று: ஒரு ஸ்டாட்டிக் மாறியில் பெரிய படத்தையோ திரையையோ பிடித்து வைத்தால், அதை விடும்வரை நினைவகத்தில் இருந்து அது போகாது. ஓட ஓடக் கனக்கும்.

"பிளாஷே செத்துப்போச்சு, இப்ப ஏன் இந்தக் கதை?" உண்மைதான். பிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. ஆனால் பிழை சாகவில்லை. யூனிட்டியில் சி ஷார்ப் எழுதுகிற தம்பிமார் புள்ளியை ஸ்டாட்டிக்கில் வைக்கிறார்கள், காட்சியை மறுபடி ஏற்றினாலும் பழைய புள்ளி நிற்கிறது என்று முழிக்கிறார்கள். டைப்ஸ்கிரிப்டில் கொன்ஸ்ட் போட்ட அணிக்குள் 'புஷ்' செய்துவிட்டு ஏன் மாறியது என்று கேட்கிறார்கள். சொல்லும் அதே, பொறியும் அதே.

ஆகவே ஸ்டாட்டிக் என்று அடிக்கமுதல் மூன்று கேள்வி கேளுங்கள். நிரல் ஓடும்போது இது மாறுமா? இரண்டாவது ஆள் வந்து இருந்தால் இது புதிதாகத் தொடங்கவேண்டுமா? இதற்குள் வேறு ஏதாவது மாறக்கூடியது இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் ஸ்டாட்டிக் கொன்ஸ்ட், நல்ல பெயரோடு, உரிய வகுப்பில். ஒன்றுக்காவது ஓம் என்றால், அதைப் பொருளுக்குள் வையுங்கள்.

அந்தப் பெடியன் இரண்டாம் நாளும் வந்தான். திருத்தின விளையாட்டில் திரும்ப இருந்து எண்பது எடுத்தான். முதல் நாள் கதைத்த ஆள் அன்றைக்கு வரவில்லை.