நல்ல ஆண்டு வேறு, நல்ல விலை வேறு

போர்தோவின் 2010 சிவப்பு ஒயினைக் குறை சொல்ல ஆள் கிடைப்பது கடினம். அந்த வருடம் பூக்கும் பருவத்தில் வானிலை கெட்டதால் மெர்லோ கொடிகளில் பூவும் பிஞ்சும் உதிர்ந்தன. பிறகு கோடையில் மழை போதவில்லை. பழம் சிறுத்துத் தோல் தடித்தது. இரவுகள் குளிர்ந்தே இருந்ததால் புளிப்பு இறங்காமல் நின்றது. டானின், ஆல்கஹால், புளிப்பு மூன்றும் ஒரே ஒயினில் இப்படி உயர்ந்து நிற்பது அபூர்வம். போயாக் பகுதியின் முதல்தர கபர்னே சோவின்யோன் ஒயின்கள் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் ஷாத்தோ லத்தூருக்கு முழு 100 மதிப்பெண் கொடுத்தார். ஆக, ஆண்டின் தரத்தில் நமக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அந்தத் தரத்தைக் காட்டி நம் தொழிலில் உள்ளவர்கள் வாடிக்கையாளரிடம் சொன்ன கணக்கோடுதான். மகத்தான ஆண்டு, எனவே நல்ல முதலீடு என்றார்கள். முதல் பாதி உண்மை. அதிலிருந்து இரண்டாம் பாதி வராது.

லஃபீத் ரோத்ஷில்ட் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டு ஒயின் நல்லதுதான், ஆனால் 2010க்கு அருகில் வைக்க யாரும் துணியமாட்டார்கள். அது விற்பனைக்கு வந்தது 2009 வசந்தத்தில். லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வாங்க ஆளில்லாமல் ஷாத்தோக்கள், அதாவது ஒயின் தோட்டங்கள், விலையை இறக்கின. லண்டனில் 12 பாட்டில் பெட்டி ஏறக்குறைய 2,000 பவுண்டுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2008 பிப்ரவரியில், ஹாங்காங் ஒயின் வரியை முழுதாக எடுத்திருந்தது. சீனப் பணம் லஃபீத்தைத் தேடி வந்தது. 2010 அக்டோபரில் ஷாத்தோ, 2008 பாட்டிலில் சீனர்களின் அதிர்ஷ்ட எண்ணான எட்டைக் குறிக்கும் சீன எழுத்தைப் பொறிக்கப்போவதாக அறிவித்தது. விலை இன்னும் பாய்ந்து 10,000 பவுண்டைத் தாண்டியது. ஒயினுக்குள் ஒரு துளிகூட மாறவில்லை, மாறியது கண்ணாடி மட்டும். அந்தச் சூட்டில், 2011இல், 2010 ஒயின், பாட்டிலில் அடைக்கும் முன்பே பணம் கட்டி வாங்கும் முன்விற்பனைக்கு வந்தது. பெட்டி 10,000 பவுண்டுக்கு மேல். அதே ஆண்டு நடுவில் ஒயின் சந்தை விலைகளைக் காட்டும் லிவ்-எக்ஸ் குறியீடு உச்சத்தைத் தொட்டு, பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தது. 2008ஐ வெளியீட்டு விலையில் வாங்கியவர் சரிவுக்குப் பிறகும் போட்டதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கையில் வைத்திருந்தார். உயர்ந்த ஆண்டை வாங்கியவருக்குப் பத்து ஆண்டு கழித்தும் முதல் திரும்பவில்லை.

இதற்குப் பதிலாக 1982ஐக் காட்டுவது வழக்கம். பார்க்கர் அந்த ஆண்டைத் துணிந்து புகழ்ந்தார், மற்றவர்கள் தயங்கினார்கள், அவரை நம்பியவர்கள் பெரும் லாபம் பார்த்தார்கள் என்பது நம் துறையின் புராணம். சம்பவம் உண்மை, ஆனால் அது என் வாதத்துக்கே சாட்சி. 1982இன் முன்விற்பனை விலை, அந்த ஒயின் பின்னால் பெற்ற மதிப்புக்கு மிகக் குறைவு. டாலர் பிராங்குக்கு எதிராக வலுவாக இருந்ததால் அமெரிக்கர்களுக்கு அது இன்னும் மலிவு. விமர்சகர்களுக்குள் கருத்து ஒத்துப்போகாததே வாங்கியவருக்கு வாய்ப்பாக அமைந்தது. 2010இல் அத்தனை பேரும் ஒரே குரலில் பாராட்டினார்கள். எல்லோரும் அறிந்த சிறப்பு விலையில் ஏறாமல் எங்கே போகும்? ஷாத்தோவும் செய்தித்தாள் படிக்கிறது.

பொறுமை வேண்டும், 2010 இன்னும் இளம் ஒயின், குடிக்கும் பருவம் வந்து பாட்டில்கள் குறையும்போது விலை ஏறும் என்பது அடுத்த மறுப்பு. குடிக்கக் குடிக்கக் கையிருப்பு குறையும் என்பதில் தவறில்லை. ஆனால் காத்திருப்பு இலவசம் இல்லை. 10,000 பவுண்டை ஆண்டுக்கு 3 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டாலே பத்து ஆண்டில் 13,400ஐத் தாண்டும். அதோடு கிடங்கு வாடகை, காப்பீடு, விற்கும்போது தரகு. இவற்றை எல்லாம் கழிக்காமல் வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் மட்டும் பக்கத்தில் வைத்து வரைபடம் போடுவது நம்மிடையே இன்னும் நடக்கிறது. அது வெட்கப்பட வேண்டிய பழக்கம்.

சீன மோகம் ஒரு விபத்து, அதை வைத்து விதி சொல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. விபத்து என்றால் ஒருமுறையோடு நின்றிருக்க வேண்டும். 2022 ஆண்டும் பெரும் பாராட்டோடும் உயர்ந்த விலையோடும் 2023இல் முன்விற்பனைக்கு வந்தது. சந்தையோ 2022 பிற்பகுதியிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த இரண்டு ஆண்டு ஒயின்களுக்குப் பல ஷாத்தோக்கள் விலையை வெட்டியதே நிலைமையைச் சொல்லும்.

முன்விற்பனைக்குச் சாதகமாக வலுவான வாதம் ஒன்று உண்டு, அது பூர்வீகம். ரூடி குர்னியாவான் போலி ஒயின் வழக்கில் 2013இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற பிறகு, பாட்டில் யார் யார் கையில் இருந்தது என்று கேட்காமல் எவரும் வாங்குவதில்லை. ஷாத்தோவிலிருந்து நேராகக் கிடங்குக்கு வந்து, திறக்காத மரப்பெட்டியில், 12, 13 டிகிரி குளிரிலும் தக்க ஈரப்பதத்திலும் படுத்திருந்த ஒயினுக்கு நிச்சயம் கூடுதல் மதிப்பு உண்டு. கார்க்குக்குக் கீழே மட்டம் இறங்கியிருக்காது, லேபிள் சிதைந்திருக்காது. ஆனால் இந்தச் சுத்தமான பூர்வீகம் முன்பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்ற நிலை இன்று இல்லை. லத்தூர் 2012இல் முன்விற்பனையை விட்டு விலகியது. ஒயின் பக்குவமானதும் தன் கிடங்கிலிருந்தே விற்கிறது. லண்டன் வணிகர்களிடமும் வரி கட்டும் முன் சரக்கு வைக்கும் கிடங்கில் அசையாமல் கிடந்த பழைய பெட்டிகள் வருகின்றன. மாக்னம் போன்ற பெரிய பாட்டில் வேண்டும், மிகக் குறைவாக விளையும் பொமரோல் ஒயின் வேண்டும் என்பவர் முன்விற்பனைக்குப் போகட்டும். லஃபீத் போன்ற பெரிய தோட்டத்துக்கு அந்த அவசரம் இல்லை.

குடிக்க வாங்கும் சேகரிப்பாளரை இந்த வாதம் தொடாது. அவருக்கு 2010 சரியான ஒயின். பொறுத்துத் திறந்தால் கொடுத்த காசு வீண்போகாது. முதலீட்டுக்கு வருபவருக்கு வேறு தாள் தர வேண்டும். அடுத்த முன்விற்பனைக் கடிதத்தில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே ஷாத்தோவின் கடந்த பத்து ஆண்டு ஒயின்களுக்கு இன்று கிடங்கில் உள்ள விலையையும், தரகும் வாடகையும் கழித்த கணக்கையும் அச்சிடுங்கள். புது ஒயினின் விலை அவற்றைவிடக் கூடுதலாக இருந்தால், வாங்க வேண்டாம் என்று நீங்களே எழுதுங்கள்.