உச்சியில் நின்ற சாட்சிகள்

2020 ஆகஸ்டில் டென்சிங் நோர்கே தேசிய சாகச விருதுக்கு அறிவித்த பெயர்களில் ஒன்றைக் கடைசி நேரத்தில் நிறுத்தி வைத்தார்கள். அரியானாக்காரரான நரேந்தர் சிங் யாதவ். 2016 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றதாகச் சொன்னவர். நேபாள அரசு சான்றிதழே கொடுத்திருந்தது. விருது என்று பெயர் வெளியே வந்ததும் மற்ற மலையேறிகள் வாய் திறந்தார்கள். அவர் காட்டிய படத்தில் முகமூடியிலிருந்து ஆக்ஸிஜன் குழாயே கிளம்பவில்லையே என்று கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் நேபாளம் அவருக்கு ஆறு வருஷத் தடை போட்டது. (2022 மே மாதம் அவர் நிஜமாகவே ஏறிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் நம்மளையும் யாராவது கேள்வி கேட்பாங்க.)

அதே 2016-இல் இன்னொரு கதை. புனே காவல்துறையைச் சேர்ந்த தினேஷ் ராத்தோட், தாரகேஸ்வரி ராத்தோட் தம்பதி, மே 23 அன்று உச்சி தொட்டதாக அறிவித்தார்கள். அவர்களுக்கும் சான்றிதழ் கிடைத்தது. ஒரே ஏற்றத்தில் இரண்டு விதமான உடுப்பு, இரண்டு விதமான பூட்ஸ் எப்படி என்று சக மலையேறிகள் துருவினார்கள். கடைசியில் பார்த்தால் அந்த உச்சிப் படங்கள் சத்யரூப் சித்தாந்தா என்ற மலையேறி எடுத்துக்கொண்டவை. அவற்றின் மேல் இவர்களின் உருவத்தையும் பதாகையையும் ஒட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதமே நேபாளம் பத்து வருஷத் தடை போட்டது. 2017-இல் வேலையும் போனது.

பொய் சொன்னவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் இவர்களுக்கு 'ஆமாம், ஏறினார்கள்' என்று சொன்னது கூடப்போன ஷெர்பா வழிகாட்டிகளும் அழைத்துப்போன நிறுவனமும். உடனே நம்ம படித்தவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: ஷெர்பாக்கள் காசுக்குப் பொய் சொல்றவங்க. அது அவ்வளவு லேசான விஷயமா?

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஒருத்தர் மேல் சந்தேகப்பட்டு வைத்த ஏற்பாடு இல்லை இது. யாருடைய நாணயத்தையும் நம்பி நிற்காத ஏற்பாடு. மலையிலோ, ஏறினவனுக்கு யார் சாட்சி சொல்ல வேண்டுமோ அவனுடைய கூலி ஏறினவன் கையில் இருக்கிறது. உச்சி தொட்டால் தனி போனஸ். கடன் வாங்குகிறவனே ஜாமீன்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு ஷெர்பாவின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது மோசடி.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயசு. 1909 செப்டம்பர் முதல் வாரத்தில், சில நாள் இடைவெளியில், இரண்டு அமெரிக்கர்கள் வடதுருவம் எனக்கே என்று தந்தி அடித்தார்கள். ஃபிரடெரிக் குக், 1908 ஏப்ரல் 21 அன்று அங்கே நின்றதாகச் சொன்னார். ராபர்ட் பியரி, 1909 ஏப்ரல் 6 என்றார். துருவம் என்பது உறைந்த கடல். நகர்ந்துகொண்டே இருக்கும் பனி. கொடி நட்டால் கொடியும் நகர்ந்து போய்விடும். போனதற்குத் தடயம் அங்கே கிடைக்காது. சூரியனை அளந்து எழுதிய கணக்கும் கூட இருந்தவன் வாய்ச்சொல்லும்தான் மிச்சம்.

குக்கின் கணக்கு சீக்கிரம் கிழிந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1909 டிசம்பரிலேயே ஆதாரம் போதாது என்றது. 1906-இல் மக்கின்லி சிகரம் ஏறினதாக அவர் வெளியிட்ட படமும் பொய் என்று தெரியவந்தது. 1910-இல் தேடிப் போனவர்கள், அந்தப் படம் சிகரத்துக்கு ரொம்பத் தூரத்தில் ஒரு சின்னப் பாறைமேட்டில் எடுத்தது என்று கண்டுபிடித்தார்கள். புனே தம்பதிக்கு முன்னோடி!

பியரியின் கதை வேறு. கடைசிக் கட்டத்தில் கணக்குப் போடத் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருந்தார், கப்பல் தலைவர் பார்ட்லெட். துருவத்துக்குச் சுமார் 130 மைல் இருக்கும்போது அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் பியரி. இரண்டாவது சாவி போயாச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளைக்குப் போன தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. திரும்பும்போது இன்னும் வேகம். நேர்கோட்டில்தான் போகிறோமா என்று சரிபார்க்கும் அளவுகளை வழியில் எடுக்கவில்லை. நாட்குறிப்பில் துருவம் தொட்ட நாளின் பக்கம் வெறுமையாக இருக்கிறது. 'துருவம் கிடைத்தது' என்கிற வரி ஒரு தனித் தாளில் எழுதிச் செருகப்பட்டிருக்கிறது. தாள் செருகிய லெட்ஜரை எங்கள் கிளையில் எந்த ஆடிட்டர் முன்னாலும் வைக்க முடியாது. ஆனால் பியரிக்குப் பணம் கொடுத்த நேஷனல் ஜியாகிரபிக் சொசைட்டியே மூன்று பேரை வைத்து ஆதாரம் பார்த்தது. கருவிகளை ரயில் நிலையத்தில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்ததோடு சரி. கனவான் சொல்கிறார், போதும்.

கனவான் சொல் எவ்வளவு எடை என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25, வெண்மணி, 44 பேர். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தபோது, கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற தர்க்கமும் தீர்ப்பில் இருந்தது. குடிசைக்காரன் கண்ணால் பார்த்தது அதற்கு முன் எடை குறைந்துபோனது.

பியரியோடு கடைசி வரை போனவர்கள் ஐந்து பேர். மாத்யூ ஹென்சன் என்ற கறுப்பினத்தவர். ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா என்ற நான்கு இனூயிட்கள். ('எஸ்கிமோ' என்பது மற்றவர்கள் வைத்த பெயர். வைத்த பெயரால் அழைக்கப்படுவதன் வலி நமக்குத் தெரியும்.) பார்ட்லெட்டை ஏன் அனுப்பினாய் என்று கேட்டபோது, வாழ்நாள் முழுக்க நான் உழைத்துச் சேர்த்த பெருமையை இன்னொருவரோடு பங்கு போட மனமில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார் பியரி. அப்போ இந்த ஐந்து பேர்? அவர்கள் பங்குதாரர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஹென்சனுக்குத் தனியாக வழிகண்டு திரும்பும் துணிச்சல் கிடையாது, அது இனத்தால் வந்த குறை என்று தன் புத்தகத்திலேயே எழுதினார்.

இதில் கேவலமான இடம் ஒன்று இருக்கிறது. குக்கை வீழ்த்த வேண்டியபோது, குக்கோடு போன அவேலா, எட்டுகிஷூக் என்ற இரண்டு இனூயிட்களை பியரியின் ஆட்கள் விசாரித்தார்கள். கரை கண்ணுக்கு மறையும் தூரம் நாங்கள் போகவே இல்லை என்று அவர்கள் சொன்னதாக, வரைபடத்தோடு உலகத்துக்கு வெளியிட்டார்கள். எதிரியை உடைக்க இனூயிட் சாட்சி செல்லும். பெருமையில் பங்கு கேட்க மட்டும் செல்லாது. ஊரில் இரண்டு ஆதிக்க சாதிக்காரர்களுக்குள் வரப்புத் தகராறு என்றால் சேரியிலிருந்து சாட்சி கூட்டிப்போவார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதேதான்.

இனி நம் தோழர்களோடு எனக்கு இருக்கும் சண்டைக்கு வருகிறேன். 'வடதுருவத்தை முதலில் தொட்டவன் ஒரு கறுப்பன்' என்று தட்டி எழுத வேண்டும் என்கிறார்கள் சில மாணவர்கள். ஆசை எனக்கும் உண்டு. ஹென்சன் முன்சறுக்குவண்டியோடு போனார். குறித்த இடத்தைத் தாண்டிப்போய்த் திரும்பியதாகவும், அப்படியானால் அங்கே முதலில் நின்றது தானே என்றும் அவரே சொன்னார். இனூயிட் மொழி பேசத் தெரிந்தவர். சறுக்குவண்டி கட்டவும் நாய்களை ஓட்டவும் தெரிந்தவர். கால்விரல்களில் எட்டை இழந்திருந்த பியரி அவர் இல்லாமல் நகர்ந்திருக்க முடியாது. திரும்பி வந்தபின் அவருக்குக் கிடைத்தது நியூயார்க் சுங்க அலுவலகத்தில் கடைநிலை வேலை. பயணிகள் சங்கம் உறுப்பினராகச் சேர்த்தது 1937-இல். 1955-இல் இறந்தார். 1988 ஏப்ரல் 6-இல்தான் அவரை ஆர்லிங்டனில் ராணுவ மரியாதையோடு மறு அடக்கம் செய்தார்கள்.

அதே 1988-இல் வேறொன்றும் நடந்தது. 1969-இல் நாய்வண்டியில் துருவம் போன வாலி ஹெர்பர்ட், பியரியின் நாட்குறிப்பைத் தோண்டிப் பார்த்துவிட்டு, அவர் துருவத்துக்குப் பல மைல் தள்ளியே நின்றார் என்று எழுதினார். அடுத்த வருஷம் நிழல் அளவுகளை வைத்து பியரி பக்கம் நின்ற ஓர் ஆய்வும் வந்தது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. எனக்கு ஹெர்பர்ட் சொல்வதே கணக்கோடு ஒத்துப்போகிறது.

பியரி போகவில்லை என்றால் அதே முகாமில் இருந்த ஹென்சனும் போகவில்லை. பியரியின் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தக் கிழிந்த கணக்கை வைத்தே ஹென்சனுக்குக் கிரீடம் செய்யக்கூடாது தோழர்களே. நம்ம ஆள் என்பதால் தராசை அமுக்கினால், எதிராளி அமுக்கும்போது என்ன சொல்லுவோம்? ஹென்சன் இல்லாமல் பியரி இல்லை என்பதற்கு வண்டியும் நாயும் மொழியும் ஆதாரம். அதைத் தட்டியில் எழுதுங்கள். வாசகம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

இதற்கு எனக்குக் கிடைக்கிற ஆள் டென்சிங்தான். 1953 மே 29. ஹில்லாரி எடுத்த படத்தில் உச்சியில் நிற்பது டென்சிங் மட்டும். ஹில்லாரிக்கு அங்கே படம் கிடையாது. வெறும் படத்தை வைத்து வழக்காடினால் டென்சிங் ஜெயித்திருக்கலாம். காத்மாண்டுத் தெருக்களில் டென்சிங் மேலே நின்று கயிற்றில் ஹில்லாரியை இழுக்கிற மாதிரி பதாகை கட்டினார்கள். முதலில் ஏறியது நான் என்று சொல் என்று அவரை நெருக்கினார்கள். ஏறக்குறைய ஒன்றாகவே போனோம் என்று இருவரும் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுச் சமாளித்தார்கள்.

அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் ஷெர்பாக்களைக் காத்மாண்டு பிரிட்டிஷ் தூதரகத்தில் கழிப்பிடம் இல்லாத வண்டிக் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். காலையில் அவர்கள் அதற்கு முன்னாலேயே வரிசையாக நின்று ஒன்றுக்குப் போய்ப் பதில் சொன்னார்கள். ஜெயித்துத் திரும்பிய பின் ஹில்லாரிக்கும் தலைவர் ஹன்ட்டுக்கும் 'சர்' பட்டம். டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இத்தனைக்கும் பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர், 1955-இல் சொல்லி எழுதவைத்த தன் வரலாற்றில் முதலில் காலை வைத்தது ஹில்லாரி, அடுத்து நான் என்று சொன்னார். சொல்லும்படி அவரை எந்த நீதிமன்றமும் கூப்பிடவில்லை.

அவர் பெயரில் உள்ள விருதுக்குத்தான் 2020-இல் குழாய் இல்லாத முகமூடிப் படம் வந்தது.

நாம் எழுதுகிற உண்மையறியும் குழு அறிக்கைகளை நினைத்துத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து குடிசை எரிந்தது என்றால் 'ஐம்பதுக்கும் மேல்' என்று எழுதும் கை நம்மிடமும் இருக்கிறது. வழக்கு வரும்போது அந்த ஐம்பதைப் பிடித்துக்கொண்டு ஐந்தையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். இன்னொன்று, சாட்சி பிறழ்ந்துவிட்டான் என்று கோபப்படுகிறோம். குற்றவாளியின் வயலில் கூலிக்குப் போகிறவன் அவன், அவன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவன். அந்த ஷெர்பாவின் நிலைமைதான் இவனுக்கும். அவனைத் திட்டுவதற்கு முன் வழக்கு முடியும்வரை அவன் வீட்டு அரிசிக்கு இயக்கம் என்ன செய்தது? பக்கத்து மேலவளவில் 1997 ஜூன் 30-இல் முருகேசனோடு ஆறு பேர் வெட்டப்பட்ட வழக்கில் பேருந்தில் இருந்த நம் மக்கள் நீதிமன்றம் ஏறிச் சொன்னார்கள். 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. வழக்கு சேலத்தில் நடந்தது, மேலவளவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த அறிக்கையிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது கண்ணால் பார்த்தது, இது கேள்விப்பட்டது என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். சொன்னவர் யாரிடம் கூலி வாங்குகிறார் என்பதையும்.